வேலைநிறுத்தம் முடிந்த பின் கையில் மிச்சம் என்ன? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், "வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளிக்குக் கடைசியில் லாபமா, நட்டமா?" என்று கேட்டிருந்தார். "உடனே பார்த்தால் பெரும்பாலும் நட்டம், பொறுத்துப் பார்த்தால் சில சமயம் லாபம்" என்று நானும் ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்தச் சிக்கனத்தை வாசகர்கள் மன்னிக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதி கணக்குக் கேட்கின்றன, மீதி சண்டைக்கு வருகின்றன. ஆகவே இந்த முறை பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என் கணவர் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலையில் 26 வேலைநாள்கள் வேலைநிறுத்தம் நடந்தது. மாதச் சம்பளம் 24,000 ரூபாய். நிர்வாகம் முதலில் 1,800 ரூபாய் உயர்வுதான் தருவதாகச் சொன்னது. இப்போது 3,000 ரூபாய்க்கு மூன்றாண்டு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. போன சம்பளத்தை எட்டு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். சரிதானா? – வாசகி, ஒரகடம்

சங்கத்தார் போட்ட கணக்கு வகுத்தல் அளவில் சரிதான்: 24,000 ரூபாயை 3,000 ரூபாயால் வகுத்தால் எட்டு வரும். ஆனால் எதை எதால் வகுப்பது என்பதில் பிழை இருக்கிறது. ஒரு நாள்கூட வேலையை நிறுத்தாமல் இருந்திருந்தாலும் 1,800 ரூபாய் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் அல்லவா? வேலைநிறுத்தம் கூடுதலாகச் சம்பாதித்துத் தந்தது 1,200 ரூபாய் மட்டுமே. 24,000 ரூபாயை 1,200 ரூபாயால் வகுத்துப் பாருங்கள். இருபது மாதங்கள் ஆகின்றன. 36 மாத ஒப்பந்தத்தில் அதன்பின் எஞ்சும் பதினாறு மாதங்களில் கிடைக்கப்போவது 19,200 ரூபாய். ஆக, உங்கள் குடும்பத்துக்கு இது லாபமான வேலைநிறுத்தம்தான். சங்கம் சொன்ன வேகத்தில் இல்லை, அவ்வளவே.

இந்த 19,200 ரூபாயிலிருந்து கழிக்க வேண்டியவை சில உண்டு. போனஸ் அந்த ஆண்டில் வாங்கிய சம்பளத்தின்மேல் கணக்கிடப்படுவதால் அது சற்றுக் குறையும். சம்பளம் இல்லாத நாள்களுக்கு வருங்கால வைப்பு நிதியில் நிர்வாகத்தின் பங்கும் விழாது. எல்லாவற்றையும்விடப் பெரியது வட்டி. என் தகப்பனார் வேலை பார்த்த பஞ்சாலையில் ஒருமுறை 23 நாள்கள் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் கூடியது, வாயிற்கூட்டத்தில் மாலை போட்டார்கள், அப்பாவும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்தின் மேல் கடைக்காரர் குறுக்கே கோடிழுத்து "தீர்ந்தது" என்று எழுதப் பதினான்கு மாதங்கள் ஆயின. அம்மாவின் வளையல் அடகுக்கடையிலிருந்து திரும்பி வரவே இல்லை. சங்கத்தின் வெற்றிக் கணக்கில் அந்த வளையலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கூட்ட வேண்டியவையும் உண்டு. நிறுத்தத்தின்போது விட்ட உற்பத்தியை ஈடுகட்ட நிர்வாகம் பிறகு ஓவர்டைம் கொடுக்கும். அதற்கு இரட்டைச் சம்பளம் என்பதால் இழந்ததில் ஒரு பகுதி அந்த வழியில் திரும்பிவிடும். அடுத்த ஒப்பந்தப் பேச்சு உயர்ந்த தொகையிலிருந்தே தொடங்கும். பணிக்கொடையையும் மறக்க வேண்டாம்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 26-இல் 15 பங்கு என்று அது கணக்கிடப்படுகிறது. அந்த 1,200 ரூபாய் முழுவதும் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்திருந்தால், இருபது ஆண்டுப் பணியை முடித்து உங்கள் கணவர் வெளியே வரும் நாளில் அதனால் மட்டும் சுமார் 13,800 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். அதே தொகையை "இன்சென்டிவ்" என்றோ "வருகை ஊக்கத்தொகை" என்றோ பெயர் சூட்டித் தந்திருந்தால் இதில் பெரும்பகுதி கைக்கு வராமலே போகலாம். இன்றிரவே சம்பளச் சீட்டை எடுத்து, உயர்வு எந்தக் கட்டத்தில் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்படியானால் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் போராடி வென்றார்களா, தோற்றார்களா? எங்கள் ஊர் டீக்கடையில் இன்னும் இந்த வழக்கு முடியவில்லை. – வாசகர், திருப்பெரும்புதூர்

டீக்கடையில் முடியாததற்குக் காரணம், ஒருவர் 2024 அக்டோபரோடு கணக்கை மூடுகிறார், மற்றவர் 2025 மே வரை தொடர்கிறார் என்பதுதான்.

2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. அவர்களின் சராசரி மாதச் சம்பளம் சுமார் 25,000 ரூபாய் என்று அப்போது செய்திகள் கூறின. அதன்படி 37 நாள்களில் ஒருவர் இழந்தது ஏறக்குறைய 30,000 ரூபாய். போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, சங்கத்தைச் சேராத தொழிலாளர் குழு ஒன்றோடு நிர்வாகம் உடன்பாடு செய்து, அக்டோபர் முதல் அடுத்த மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தருவதாக அறிவித்தது. ஆறு மாதத்துக்கு அதுவும் 30,000 ரூபாய். இழந்ததும் வந்ததும் நேருக்கு நேர் நிற்பதைப் பாருங்கள். வெளியே பந்தலில் உட்கார்ந்தவருக்கு இது இழப்பை ஈடு செய்த தொகை. உள்ளே லைனில் நின்றவருக்கோ இது முழு லாபம். வேலைநிறுத்தத்தின் பலன் அதில் கலந்துகொள்ளாதவருக்கே முதலில் போய்ச் சேருவது புதிதல்ல. அந்தக் கசப்பில் பிறந்ததுதான் "கருங்காலி" என்ற வசவு.

அக்டோபர் நடுவில் வேலைக்குத் திரும்பியபோது அவர்கள் முக்கியமாகக் கேட்டிருந்த சங்க அங்கீகாரம் கைக்கு வந்திருக்கவில்லை. அதனால்தான் "வெறுங்கையோடு திரும்பினார்கள்" என்று பேசப்பட்டது. ஆனால் 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவாயிற்று. பிப்ரவரியில் நிர்வாகிகள் மூவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ததை ஒட்டி மறுபடியும் போராட்டம் மூண்டு, அது ஒரு மாதம் நீடித்தது. மே மாதம் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் வந்தது: முதலாண்டு மாதம் 9,000 ரூபாய், அடுத்த ஈராண்டுகளில் 4,500 ரூபாய் வீதம், மொத்தம் 18,000 ரூபாய் உயர்வு.

எவ்வளவு போராடினாலும் போராடாவிட்டாலும் நிர்வாகம் ஏதோ ஓர் உயர்வைத் தந்தே இருக்கும். ஒரகடம் வாசகிக்குச் சொன்ன கழித்தலை இங்கேயும் செய்ய வேண்டும். அந்த உயர்வில் பாதியைத்தான் போராட்டத்தின் பேரில் எழுதுவேன் என்று நீங்கள் கஞ்சத்தனம் செய்தாலும், முதலாண்டில் மாதம் 4,500 ரூபாய் ஆகிறது; இரண்டு போராட்டங்களிலும் போன சம்பளம் ஒன்றேகால் ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. என் தீர்ப்பு இது: அக்டோபரில் அவர்கள் வெல்லவில்லை, ஆனால் கலைந்து போகாமல் திரும்பினார்கள். மே மாதத்தில் பேசுவதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சங்கம் மிச்சமிருந்தது. உள்ளே போனபின் பழிவாங்கல் நடவடிக்கைகளில் அது உடைந்திருந்தால் நான் வேறு தீர்ப்பு எழுதியிருப்பேன்.

நான் சிறு முதலாளி. ஸ்டிரைக் செய்து ஆலைகளை மூடியதுதான் கண்ட பலன். பம்பாய் கதை தெரிந்தும் தொழிலாளரை உசுப்பேற்றலாமா? – வாசகர், திருப்பூர்

உசுப்பேற்றவில்லை, ஐயா, வரவு செலவு எழுதுகிறேன். பம்பாய் அந்தச் செலவுப் பக்கத்தின் மிகப் பெரிய தொகை என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பம்பாயில் வேலையை நிறுத்தினார்கள். ஆண்டு ஒன்று கடந்தும் அது நீடித்தது. முறையாகத் திரும்பப் பெறப்பட்டதாக ஒரு நாளைக் காட்டவே முடியாது, கரைந்து போயிற்று என்பதே பொருத்தம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிரந்தரமாக இழந்தனர். ஊர்ப்பக்கம் கொங்கணத்துக்கும் சாத்தாராவுக்கும் திரும்பிய குடும்பங்கள் நிலத்தையும் உறவினரையும் நம்பி அத்தனை மாதம் தாக்குப்பிடித்ததால்தான் போராட்டம் அவ்வளவு நீண்டது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டினி போட்டு உடைக்க முடியாத போராட்டம் அது. ஆனால் அந்த வலிமையே அதற்கு வினையாயிற்று.

ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலும் அவசரம் இல்லை. பல ஆலைகளில் எந்திரங்கள் பழையவை. கிடங்குகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. நெசவோ பிவண்டியிலும் மாலேகாவிலும் இருந்த விசைத்தறிகளுக்கு ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. உற்பத்தி நிற்பது முதலாளிக்கு வலித்தால்தான் வேலைநிறுத்தம் ஓர் ஆயுதம். தறி நின்றதால் அவருக்குச் சம்பளச் செலவு மிச்சமாகிறது, துணி வேறு ஊரிலிருந்து வந்துவிடுகிறது என்றால், தொழிலாளி தன் செலவில் முதலாளிக்கு விடுப்பு கொடுத்ததாகவே ஆகும். போதாக்குறைக்கு, 1946-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற ஒரே சங்கத்தோடு மட்டும்தான் ஆலைகள் பேச முடியும். அந்த அங்கீகாரம் தொழிலாளர் வெறுத்து ஒதுக்கிய வேறொரு சங்கத்திடம் இருந்தது. பேச யாரும் இல்லாத மேசைக்கு எதிரே இரண்டரை லட்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆலைகள் மூடப்பட்டதற்கு வேலைநிறுத்தம்தான் காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நோய் முன்பே இருந்தது. போராட்டம் மூடும் நாளை முன்தள்ளியது. பரேல் பக்கம் ஆலை நின்ற நிலத்தின் விலை அதில் நெய்த துணியின் லாபத்தை விழுங்குமளவுக்கு ஏறிவிட்ட பிறகு, எந்தத் தொழிலாளி எவ்வளவு பணிவாக நடந்துகொண்டிருந்தாலும் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று நிற்கும் வணிக வளாகம் வந்தே இருக்கும்.

உங்கள் ஊர்க் கதை இன்னும் நுட்பமானது, அதை நீங்களே என்னைவிட நன்றாக அறிவீர்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சப்படி கிடைத்தது. ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஒரே கூரையின்கீழ் நடந்த வேலை வெட்டுவது ஓரிடம், தைப்பது ஓரிடம், தேய்த்து அடுக்குவது ஓரிடம் என்று பிரிந்து, ஜாப் ஒர்க்காகவும் பீஸ் ரேட்டாகவும் சிதறியது. கூலியில் வென்றவர்கள், அடுத்த முறை ஒன்றாக நிறுத்துவதற்கான இடத்தை இழந்தார்கள். அன்று பந்தலில் இருந்த தொழிலாளிகள் சிலர் பிற்காலத்தில் நான்கு தையல் எந்திரம் போட்டு முதலாளி ஆனார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. கடிதத்தில் "சிறு முதலாளி" என்று போட்டிருக்கிறீர்கள். ஒருவேளை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

வேலைநிறுத்தம் செய்த நாள்களுக்குச் சம்பளம் கேட்க முடியுமா? – வாசகர், அம்பத்தூர்

கேட்கலாம். வேலைநிறுத்தம் சட்டப்படியானதாகவும் இருக்க வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1994-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறியிருக்கிறது. இரண்டில் ஒன்று போதாது. அதற்கு மாறாக, முறையான அறிவிப்பு இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிப் பேசி வேலைக்கு வராவிட்டால், வராத நாளுக்கு மேலும் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிப் பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதை வேலைநிறுத்தம் என்றே கொள்கிறது. சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தினால் அது சட்டவிரோதம். அறிவிப்பு வந்த பின் சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்தினாலே சமரசப் பேச்சு தொடங்கியதாகிவிடும் என்பதால், சட்டப்படி நிறுத்துவதற்கு மிஞ்சும் வாசல் குறுகலானது. நடைமுறையில் இந்தச் சம்பளம் நீதிமன்றத்தில் கிடைப்பது அரிது. ஒப்பந்தப் பேச்சின் கடைசி ராத்திரியில், ஈட்டிய விடுப்பில் கழிப்பது என்றோ சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்து ஈடுகட்டுவது என்றோ பேசி முடித்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் மூணாறு பெண்கள் ஒன்பதே நாளில் வென்றதை இன்றும் பேசுவார்கள். குறுகிய போராட்டம்தான் லாபமா? – வாசகி, வால்பாறை

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களை அருகே வரவேண்டாம் என்று விலக்கி வைத்துவிட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பின்னால் பெயர் பெற்றது அந்தக் கூட்டம்தான். 10 விழுக்காடாகக் குறைந்த போனஸை 20 விழுக்காடாக்க வேண்டும் என்பது கோரிக்கை. 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை என்று பெயரைப் பிரித்துக்கொண்டு நிர்வாகம் 20 விழுக்காட்டைத் தந்தது. அப்போது நாள்கூலி 232 ரூபாய். ஒன்பது நாளில் ஒருவர் இழந்தது 2,088 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால், போனஸில் கூடியது 6,960 ரூபாய். எந்தப் பொருளாதார அறிஞரும் குறை சொல்ல முடியாத கணக்கு இது. கிள்ளாமல் விட்ட கொழுந்து சில நாளில் முற்றி வீணாகும், தொழிற்சாலையில் செய்கிற குளிர்சாதனப் பெட்டியைப் போல அதைப் பின்னால் ஓவர்டைம் போட்டு எடுக்க முடியாது என்பதால், தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது நாள் என்பது முதலாளிக்கு நீண்ட காலம்.

ஆனால் அடுத்த மாதத்துக் கூலி ஒப்பந்தத்தைச் சற்று அருகே வைத்துப் பாருங்கள். 500 ரூபாய் கேட்டு மறுபடியும் போராடி, 301 ரூபாய் பெற்றார்கள். 232-இலிருந்து 301 என்றால் முப்பது விழுக்காட்டை ஒட்டிய உயர்வு. அதனுடன், அந்தக் கூலிக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. கிலோவுக்கு வகுத்தால், முன்பு 11 ரூபாய் 5 காசு. பின்பு 12 ரூபாய் 4 காசு. ஒன்பது விழுக்காடு உயர்வுதான். மீதியைத் தன் முதுகுக்கூடையில் நான்கு கிலோ கூடுதலாகச் சுமந்து அவளே கொடுத்துக்கொள்கிறாள். அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கான தனிக் காசும் இனி 25 கிலோவுக்குப் பிறகே தொடங்கும். கூலி எவ்வளவு என்பது தலைப்புச் செய்தியில் வரும். அளவு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும். தொழிற்சாலைகளிலும் இதே வித்தைதான், அங்கே கிலோவுக்குப் பதிலாக ஒரு ஷிப்டுக்கு இத்தனை உருப்படி என்று எழுதுவார்கள்.

2003-இல் ஒரே இரவில் வேலையை இழந்த தமிழக அரசு ஊழியர்களில் நானும் ஒருவன். எங்கள் கணக்கை எப்படிப் போடுவீர்கள்? – ஓய்வுபெற்ற வாசகர், மதுரை

உங்களுக்கு நேர்ந்தது கூலிப் பேச்சின் கணக்கில் அடங்காது. 2003 ஜூலை 2 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தை டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு எதிர்கொண்ட அரசு, சுமார் 1,70,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை சட்டப்படியும் இல்லை, அறப்படியும் இல்லை என்று எழுதியது. மன்னிப்புக் கடிதம் கொடுத்துத்தான் பலரும் உள்ளே போனார்கள். அதோடு நிறுத்தினால் முழுத் தோல்வி. ஆனால் 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடத்திலும் வெல்லாத நிலையில், அந்த மே மாதமே நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. தொழிற்சாலையில் ஒப்பந்த மேசை செய்கிற வேலையை உங்களுக்கு வாக்குப்பெட்டி செய்தது.

அந்தப் பெட்டி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் அங்கே சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். 1982 டிசம்பரில் ஜெயவர்த்தன அரசு பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு கருத்து வாக்கெடுப்பு நடத்தி, இருந்த நாடாளுமன்றத்தின் ஆயுளையே ஆறாண்டுகள் நீட்டிக்கொண்டது. வேலை இழந்தவர்கள் காத்திருந்த தேர்தல் 1989 வரை வரவில்லை.

உங்கள் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு, அது உங்கள் பெயரில் இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆன மாற்றம் அந்தப் போராட்டத்துக்குப் பின்னும் அப்படியே நின்றது. உங்கள் வேலை திரும்பியது, உங்களுக்குப் பின் வந்தவரின் பழைய ஓய்வூதியம் திரும்பவில்லை.

பின்னி மில் போராட்டத்தில் தோற்றவர்களைப் பற்றி என் பாட்டனார் பெருமையாகவே பேசுவார். தோல்வியில் என்ன பெருமை? – வாசகர், பெரம்பூர்

உங்கள் பாட்டனார் காரணத்தோடுதான் பேசியிருக்கிறார். 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று, வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முகங்கள். பின்னி மில் என்று உங்கள் பாட்டனார் சொன்ன பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் நிர்வாகம் வாடியா மீது வழக்குத் தொடுத்து, தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கம் நடத்துவதே சதி என்று ஆகிவிடக்கூடிய அந்த நிலைதான், சங்கத்தாருக்குப் பாதுகாப்புத் தரும் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் தூண்டுகோல். இன்று ஒரகடத்தில் சங்கக் கொடி ஏற்றுபவர் சிறைக்குப் போகாமல் இருப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் 1921-இல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பெருமையோடு மட்டும் நினைக்க என்னால் முடியவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிற்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கையில் சேமிப்பே இல்லாத ஒருவனிடம் மாதக்கணக்கில் பட்டினி கிட என்று கேட்பதற்கு முன், அதே ஆளைச் சேரிக்குள் தள்ளி வைத்திருந்தவர்கள் யார் என்று சங்கம் தன்னையே கேட்டிருக்க வேண்டும். இன்று அந்த இடத்தில் நிற்பவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளியின் ஒப்பந்தத்தில் அவர் பெயர் இராது, நிறுத்தம் தொடங்கினால் முதலில் வேலை போவது அவருக்கு. பிறகு லைனை ஓட்ட அவரை உள்ளே அழைத்தால், போகாதே என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

1974 மே மாதம் 20 நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தமும், அன்று தோற்றுப் பின்னால் பலன் தந்த வகைதான். சுமார் 17 லட்சம் பேர் ஈடுபட்டு, ஆயிரக்கணக்கில் கைதாகி, எதுவும் பெறாமல் திரும்பப் பெற்றார்கள். 1977-இல் ஆட்சி மாறியபின் நீக்கப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். கேட்ட போனஸ், உற்பத்தியோடு இணைந்த போனஸ் என்ற பெயரில் 1979-இல் வந்தது. இன்று தீபாவளிக்கு முன் அதை வாங்குகிற இளைஞருக்கு 1974 என்றால் என்ன என்று தெரியாது.

சுற்றி வளைக்க வேண்டாம். நீங்கள் தொழிலாளியாக இருந்து, நாளை பொதுக்குழுவில் வாக்கெடுப்பு என்றால் கை தூக்குவீர்களா? – வாசகர், ஓசூர்

தூக்குவதற்கு முன் மூன்று இடத்துக்குப் போய் வருவேன். முதலில் வீட்டுக்கு: கடன் வாங்காமல் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று மனைவியைக் கேட்பேன், பதிலில் பத்து நாளைக் கழித்துக்கொள்வேன். அடுத்து சங்க அலுவலகத்துக்கு: நிர்வாகம் கடைசியாகச் சொன்ன தொகை என்ன, நாம் எந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடத் தயார் என்று கேட்பேன். இரண்டாவதற்குப் பதில் இல்லாமல் "முழு வெற்றி வரை" என்று தலைவர் முழங்கினால் பம்பாய் நினைவுக்கு வரும். மூன்றாவதாகக் கிடங்குக்குப் போய், அங்கே லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற லோடுமேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உள்ளே எத்தனை நாள் சரக்கு நிற்கிறது என்று விசாரிப்பேன். அறுபது நாளைக்கு இருக்கிறது என்று அவர் சொன்னால் அந்த மாதம் என் கை தூங்கும். தீபாவளி ஆர்டர் ஏறி, கிடங்கில் தரை தெரியத் தொடங்கியதும் வாக்கெடுப்பை வையுங்கள் என்று எழுந்து நின்று சொல்வேன்.